வீட்டை விற்பதற்கு முன் ஆறு மாதம் அங்கே இருந்து பாருங்கள்

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பொதுப்பணித் துறையில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து 16 ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற உங்களுக்கு இப்போது 74 வயது, மனைவிக்கு 68. சென்னை நங்கநல்லூரில் சொந்த வீடு, மேல்தளத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். மகன் அமெரிக்காவில், மகள் புனேயில். கோயம்புத்தூருக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் சாலையில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பைப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே முதல் பிளாக்கில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட வீடு இரண்டாவது பிளாக்கில் கட்டுமான நிலையில் இருக்கிறது. விலை 72 லட்சம் ரூபாய். இந்த மாத இறுதிக்குள் முன்பணம் கட்டினால் 3 லட்சம் தள்ளுபடி என்கிறார்கள். நங்கநல்லூர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. மனைவி "உங்கள் இஷ்டம்" என்று சொல்கிறார்.

போகலாம். உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு அது நல்ல முடிவாகவே அமைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த மாதம் முன்பணம் கட்டாதீர்கள். நங்கநல்லூர் வீட்டை இப்போது விற்காதீர்கள். முதல் பிளாக்கில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து ஆறு மாதம் இருவரும் குடியிருந்து பாருங்கள். முடிவெடுக்கும்போது, இப்போது இருவராக இருக்கும் உங்களை மனத்தில் வைத்து எடுக்காமல், என்றோ ஒருநாள் தனியாக மிஞ்சப்போகும் ஒருவரை மனத்தில் வைத்து எடுங்கள். இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. இருந்தாலும் இந்த ஒன்றை நினைக்காமல் எடுக்கப்பட்ட முடிவுகள்தான் பின்னால் அதிகமாக வலித்திருக்கின்றன.

என்னைப் பற்றி இரண்டு வரி. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். என் அக்காவும் அவர் கணவரும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கோவையின் மேற்குப் பகுதியில் இப்படிப்பட்ட ஒரு குடியிருப்புக்குக் குடிபோனார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாமா காலமானார். அக்கா இன்னும் அங்கேயே இருக்கிறார். வாரம் ஒருமுறையாவது அங்கே போகிறேன். எனவே நான் சொல்வதில் பாதி பத்திரம் படித்துக் கற்றது, மீதி அந்த வளாகத்தின் டைனிங் ஹாலில் உட்கார்ந்து பார்த்தது.

கோவையை நீங்கள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மறுப்பில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பகுதி குளிர்ந்திருக்கும். சென்னையின் மே மாதத்தையும் அதன் புழுக்கத்தையும் முதுமையில் தாங்குவதைவிட இது உடம்புக்கு எவ்வளவோ நல்லது. பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன, விமான நிலையம் இருக்கிறது. ஆனால் அந்த மருத்துவமனைகளில் பல அவிநாசி சாலையிலும் நகரின் கிழக்குப் பக்கத்திலும் இருக்கின்றன, குடியிருப்புகளில் பல மேற்கே மலையடிவாரத்தில் இருக்கின்றன என்பதையும், இடையில் நகரம் முழுவதையும் கடக்க வேண்டும் என்பதையும் விளம்பரத் தாளில் யாரும் அச்சிடுவதில்லை. தொண்டாமுத்தூரைத் தாண்டி உள்ளே போகப்போக, இருட்டிய பிறகு யானை நடமாட்டம் உள்ள கிராமங்கள் வந்துவிடும். மாலை நடைப்பயிற்சியை வளாகத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பகுதியின் சில கிராமங்கள் 'ஹாகா' என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன. அங்கே கட்டுவதானால் நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியோடு அந்தக் குழுமத்தின் ஒப்புதலும் வேண்டும். நீங்கள் துறையில் இருந்தவர் என்பதால் வரைபட அனுமதியைப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்வே எண் எந்தக் கிராமத்தில் விழுகிறது என்பதை மட்டும் நேரில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அங்கே போனால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி ஊரில் தவறான பேச்சு நிறைய இருக்கிறது. "பிள்ளைகள் இருந்தும் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்கள்" என்று உறவினர்கள் பேசுவார்கள். கைவிடப்பட்டவர்களுக்காக அறக்கட்டளைகள் நடத்தும் முதியோர் இல்லம் வேறு. தன் பென்ஷனில், தன் பெயரில் உள்ள வீட்டில், சமையலையும் பராமரிப்பையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு வாழ்வது வேறு. அக்கா குடிபோன முதல் மாதத்தில் ஒருநாள் காலை நான் அங்கே இருந்தேன். ஏழரை மணிக்கு டைனிங் ஹாலில் அன்றைய சமையல் வெள்ளைப் பலகையில் எழுதப்பட்டிருந்தது: இட்லி, கொத்தமல்லிச் சட்னி, மதியம் முருங்கைக்காய்ச் சாம்பார், கோஸ் பொரியல். அக்கா அதன் முன் நின்று இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாற்பத்தாறு வருஷத்தில் மத்தியானம் என்ன குழம்பு என்று இன்றைக்குத்தான் வேறு யாரோ எனக்குச் சொல்கிறார்கள்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தில் மகிழ்ச்சி எவ்வளவு, இழப்பு எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் மனைவி "உங்கள் இஷ்டம்" என்று சொன்னதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். சமையலறையிலிருந்து விடுபடுவது சில பெண்களுக்குப் பெரிய ஆறுதல்; சிலருக்கு அது தம் ஆட்சியில் இருந்த ஒரே இடம் கைவிட்டுப் போவது. எதிர்வீட்டுப் பெண்மணியோடு வாசலில் பேசும் கால்மணி நேரம், வெள்ளிக்கிழமை போகும் ஆஞ்சநேயர் கோயில், இருபது வருடமாகக் காய் கொண்டுவரும் தள்ளுவண்டிக்காரர் ஆகிய மூன்றையும் அவர் விட்டுவிட்டுப் போக வேண்டும். நீங்கள் விட்டுவிட்டுப் போவது அநேகமாக ஒரு சாய்வு நாற்காலியைத்தான், அதையும் லாரியில் ஏற்றிவிடலாம். வயதுக் கணக்கின்படி தனியாக மிஞ்சக்கூடியவர் பெரும்பாலும் அவர்தான். எனவே இந்த முடிவில் அவருடைய வாக்குக்கு உங்களுடையதைவிட எடை அதிகம். நீங்கள் அருகில் இல்லாதபோது உங்கள் மகள் அவரிடம் கேட்கட்டும். வேண்டாம் என்று அவர் மகளிடம் சொன்னால் இத்துடன் படிப்பதை நிறுத்திவிடலாம்.

அவரும் விரும்புகிறார் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

விற்பனை அலுவலர் உங்களுக்குக் காட்டியது நடக்க முடிகிறவர்களின் வாழ்க்கையை: யோகா அறை, நூலகம், கேரம் பலகை, மாலை பஜனை. ஆனால் ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை ஒரே நிலையில் இருப்பதில்லை. எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் காலம், குளிக்கவும் மாத்திரை எடுக்கவும் ஒருவர் துணை வேண்டிய காலம், படுக்கையோடு இருக்கும் காலம் என்று அது மாறும். சிலருக்கு மறதி நோயும் வந்துசேரும். பெரும்பாலான குடியிருப்புகள் முதல் நிலைக்காகக் கட்டப்பட்டவை. ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு பத்தியில், "தன் அன்றாடத் தேவைகளைத் தானே கவனித்துக்கொள்ள இயலாதவர்கள் தம் சொந்தச் செலவில் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சில இடங்களில் நிர்வாகம் கேட்டுக்கொண்டால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்றும் இருக்கும். அதாவது எந்த நாளுக்காக நீங்கள் நங்கநல்லூரை விட்டுப் போகிறீர்களோ, அந்த நாள் வரும்போது அவர்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது. எல்லா இடங்களும் இப்படி இல்லை. தனியாகப் பராமரிப்புப் பிரிவும் இரவு செவிலியரும் வைத்திருப்பவை கோவையிலேயே உண்டு. நீங்கள் பார்த்த இடம் எந்த வகை என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மாமா இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு அவர் குளியலறையில் விழுந்தார். சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரம்வரை தொங்கும் அவசர அழைப்புக் கயிறு இருந்தது. அவரே அதை இழுத்துவிட்டார். மணி வாசலில் காவலாளி அறையில் அடித்தது. காவலாளியிடம் வீட்டுச் சாவி இல்லை. சாவி அலுவலகத்தில், அலுவலகம் பூட்டியிருந்தது, அதன் சாவி மேலாளரிடம், மேலாளர் ஊருக்குள் இருந்தார். உள்ளே அக்கா தூக்கமாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டித் தட்டி அக்கா எழுந்து திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. அந்தக் கயிறு, விற்பனையின்போது எங்களுக்கு மிகப் பெருமையாகக் காட்டப்பட்ட வசதிகளில் ஒன்று. கயிறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டோம். அதன் மறுமுனையில் இரவு பதினொன்றரைக்கு யார் இருக்கிறார், அவர் கையில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. குடியிருப்போர் சங்கம் இரண்டு மாதம் போராடி இரவு செவிலியர் ஒருவரையும், சீல் வைத்த உறையில் மாற்றுச்சாவியையும் ஏற்பாடு செய்தது.

நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. இரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நாலரை மணி நேரம் நோய் தொடங்கிய கணத்திலிருந்து ஓடுகிறது, மருத்துவமனை வாசலிலிருந்து அல்ல. ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் நேரமும் அதற்குள் அடக்கம். ஆகவே ஒரு வேலைநாள் மாலை ஆறு மணிக்கு, போக்குவரத்து உச்சத்தில் இருக்கும்போது, குடியிருப்பின் வாசலிலிருந்து இரவும் பகலும் நரம்பியல் மருத்துவரும் ஸ்கேனும் உள்ள மருத்துவமனைவரை ஒரு காரில் போய்ப் பாருங்கள். வளாகத்தில் ஆம்புலன்ஸ் எப்போதும் நிற்கிறதா, 108-ஐ அழைத்துக் காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நீளமாகப் போகுமா என்பதை உங்களைப் போன்ற பொறியாளர் டேப் வைத்து அளந்தே பார்த்துவிடலாம். அரசு ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் எந்தெந்தக் கோவை மருத்துவமனைகள் பட்டியலில் உள்ளன, அவை அந்த வளாகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இனிப் பணம். நீங்கள் தந்த விவரப்படி பராமரிப்புக் கட்டணம் மாதம் 11,000 ரூபாய், சாப்பாடு ஒருவருக்கு 6,500. பராமரிப்பை ஒரு நிறுவனம் செய்வதால் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். (குடியிருப்போர் சங்கமே வசூலித்தால் ஒருவருக்கு மாதம் 7,500 ரூபாய்வரை வரிவிலக்கு உண்டு.) ஆக இருவருக்கும் மாதம் 25,980 ரூபாய். உங்கள் ஓய்வூதியம் அகவிலைப்படியோடு 54,000 என்பதால் இது எளிதாகத் தெரிகிறது. இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒருவரை நினைத்துக் கணக்கைத் திரும்பப் போடுவோம். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி, குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். ஓய்வூதியர் முன்கூட்டியே இறந்தால் குடும்பத்துக்குச் சில காலம் தரப்படும் உயர்த்தப்பட்ட விகிதத்துக்கான வயது வரம்பை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். எனவே உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவிக்கு வருவது உங்கள் ஓய்வூதியத்தில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது இன்றைய மதிப்பில் 32,400 ரூபாய். சாப்பாட்டுச் செலவு பாதியாகும். பராமரிப்புக் கட்டணம் ஒரு பைசாவும் குறையாது. வரியோடு சேர்த்து 19,480. அந்த நிலையில் அவருக்கு உடன் தங்கும் உதவியாளர் ஒருவர் தேவைப்பட்டால், இன்று அக்காவுக்கு ஏஜென்சி மூலம் வைத்திருக்கும் பெண்ணுக்கு நாங்கள் தருவது மாதம் 24,000. மொத்தம் 43,480. மருந்து இதில் சேரவில்லை. வரவுக்கும் செலவுக்கும் இடையில் விழும் 11,000 ரூபாயை வைப்புநிதி வட்டிதான் ஈடுகட்ட வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம்வரை போடலாம், 8.2 சதவீத வட்டியில் அது காலாண்டுக்கு 61,500 ரூபாய் தரும். அந்த 30 லட்சம் உங்களிடம் ரொக்கமாக இருந்தால் உங்கள் மனைவி பயமில்லாமல் இருக்கலாம். அதையும் சேர்த்துச் செங்கல்லில் போட்டுவிட்டால் இருக்க முடியாது. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 7 சதவீதம் உயர்ந்தால் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்காகும். அகவிலைப்படி கொஞ்சம் தாங்கும், வைப்புநிதி வட்டி தாங்காது.

தள்ளுபடியைப் பற்றி ஒன்று. கட்டுமானத்தில் இருக்கும் இந்த விலை வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு: 72 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். கட்டி முடித்து, பணிநிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்கப்படும் வீட்டுக்கு அந்த வரி இல்லை. ஆக, இந்த மாதமே கட்டினால் கிடைக்கும் 3 லட்சத்தைவிட, காத்திருப்பவருக்கு மிஞ்சும் வரியே அதிகம். விலை ஏறிவிடும் என்பார்கள். ஏறலாம். ஆனாலும் இப்படிப்பட்ட வீட்டை மறுபடி விற்பது சாதாரண ஃபிளாட்டை விற்பதைப் போல எளிதல்ல. வாங்குபவருக்கு 50 அல்லது 55 வயது ஆகியிருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி இருக்கிறது. பெயர்மாற்றக் கட்டணம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகன் அதை வாரிசாகப் பெற்றாலும் அதில் குடியிருக்க முடியாமல் பராமரிப்பை மட்டும் கட்டிக்கொண்டிருக்க நேரலாம். இதனால்தான் சிலர் விலைக்கு வாங்காமல், ஒரு தொகையை வைப்பாகக் கொடுத்து ஆயுள்வரை குடியிருக்கும் முறையையோ மாத வாடகை முறையையோ தேர்கிறார்கள். வைப்புத்தொகை முறையில் நிலம் உங்களுடையதல்ல. நிறுவனம் தடுமாறினால் உங்கள் பணமும் தடுமாறும். திருப்பித் தருவது எத்தனை சதவீதம், எத்தனை நாளில், அடுத்தவர் குடிவந்த பிறகுதானா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் அதில் நுழையக் கூடாது. என்னைக் கேட்டால், 70-ஐத் தாண்டியவர்களுக்கு மாத வாடகைதான் மிகப் பாதுகாப்பானது. செலவு கொஞ்சம் கூடும். பிடிக்காவிட்டால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறும் உரிமைக்கு அது நியாயமான விலை.

வாங்குவதென்றே முடிவானால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016 உங்கள் பக்கம் இருக்கிறது. இரண்டாவது பிளாக் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவுசெய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. வாங்குபவர்களிடம் பெற்ற பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைச் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் காப்பது கட்டடத்தை. சாப்பாட்டையோ செவிலியரையோ ஆம்புலன்ஸையோ அல்ல. ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது: கைப்பிடிகள், சாய்தளம், மருத்துவ வசதி, குடியிருப்பவர் உரிமைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவை மாநிலங்களுக்கான வழிகாட்டுதல்கள்தானே தவிர, தானாகவே கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. எனவே சேவைகளைப் பொறுத்தவரை உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி, கையெழுத்திட்ட சேவை ஒப்பந்தம்தான். கட்டியவரே சேவையையும் நடத்துகிறாரா, வேறு நிறுவனத்துக்கு விட்டிருக்கிறாரா, அந்த நிறுவனம் விலகினால் என்ன ஆகும், குடியிருப்போர் சங்கம் பதிவாகியிருக்கிறதா, கார்பஸ் பணம் (எதிர்காலப் பராமரிப்புக்கென்று முன்கூட்டியே வாங்கி வைக்கும் தொகை) யார் கணக்கில் இருக்கிறது என்பவற்றை முதல் பிளாக்கில் குடியிருப்பவர்களிடமே கேளுங்கள்.

நங்கநல்லூர் வீட்டுக்கு வருகிறேன். கீழ்தளத்தையும் வாடகைக்கு விட்டால், முதல் பிளாக்கில் நீங்கள் கொடுக்கும் வாடகையைத் தாண்டி வரவு இருக்கும். அதைவிட முக்கியம், திரும்பிவர ஒரு வாசல் இருக்கும். குடிபோன இரண்டாவது ஆண்டில் திரும்பிவர விரும்பி, வர இடமில்லாமல் தங்கிவிட்ட தம்பதியரை அக்காவின் வளாகத்தில் எனக்குத் தெரியும்; அவர்கள் விற்ற வீடு இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி நிற்கிறது. சிலர் விற்காமல், போகும் முன் மகன் பெயருக்குத் தானசெட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம், எழுதிவிடுகிறார்கள். அதையும் செய்யாதீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிப்பார் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் ரத்துசெய்யலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு, இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. உங்கள் மகன் அப்படிப்பட்டவர் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் உயில் எழுதினால் போதுமான இடத்தில் செட்டில்மென்ட் எதற்கு? உயிலை உங்கள் மனைவிக்கு முழு உரிமை கிடைக்கும்படி எழுதி, பதிவுசெய்துவிடுங்கள். பின்னாளில் விற்று வேறு வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரியில் (விற்ற லாபத்தின் மீதான வரி) விலக்குப் பெறக் கால வரம்பு உண்டு. வாடகை வீட்டுக்குப் போவதற்காக விற்றால் அந்த விலக்கு இல்லை. அதை ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

யாரும் கேட்கத் தயங்கும் இன்னொன்றைக் கேட்டுவிடுங்கள். வளாகத்தில் ஒருவர் இறந்தால் என்ன செய்வார்கள்? மாமா காலமானது அதிகாலை மூன்று மணி. மகன் வெளிநாட்டிலிருந்து வந்துசேர ஒன்றரை நாள் ஆயிற்று. அதுவரை ஃப்ரீசர் பெட்டியை வீட்டில் வைக்க அனுமதி உண்டா, மருத்துவமனைப் பிணவறைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா, சடங்குகளுக்கு இடம் உண்டா, பத்தாம் நாள் காரியத்துக்கு வரும் உறவினர்கள் எங்கே தங்குவார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு அன்று காலைதான் தெரியவந்தது. அந்த வளாகம் அந்த விஷயத்தில் மிக நல்லவிதமாக நடந்துகொண்டது. பொதுக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள், சமையல்காரர்கள் அத்தனை பேருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள், ஏழாம் எண் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்மணி, பதின்மூன்று இரவுகள் அக்காவின் அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். நங்கநல்லூரில் உங்கள் தெருவில் அப்படி யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். யாராவது இருந்தால், அது நங்கநல்லூரிலேயே இருப்பதற்கு மிக வலுவான காரணம். குளியலறையில் கைப்பிடி போட்டு, வழுக்காத தரை போட்டு, மேல்தளத்தில் நம்பகமான குடும்பத்தைக் குடிவைத்து, பகலில் ஒரு உதவியாளரை அமர்த்திக்கொண்டு அங்கேயே நிம்மதியாக வாழ்பவர்கள் பலர். யாரும் இல்லை, பழைய அக்கம்பக்கம் எல்லாம் பிள்ளைகளோடு போய்விட்டது என்றால், குடியிருப்புக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அந்த ஆறு மாதத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலமும் கோடையும் சிறிதாவது அதற்குள் வரட்டும். மனைவியின் காபி ஃபில்டரையும், இரண்டு பர்னர் அடுப்பையும், பூஜைப் படங்களையும் கட்டாயம் எடுத்துப்போங்கள். சாப்பாடு பிடிக்காத நாளில் அவரே ஒரு ரசம் வைக்க முடிய வேண்டும். பெரும்பாலான வளாகங்களில் சைவம் மட்டுமே. நீங்கள் அசைவம் சாப்பிடுபவர்களென்றால் வீட்டில் சமைக்கவாவது தடையில்லையா என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்றும் கேளுங்கள். சில இடங்களில் வரம்பு வைத்திருக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை வளாகத்தைச் சுற்றி நடந்து, யார் விழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முக்கியமாக, கணவரை இழந்து அங்கே தனியாக இருக்கும் மூன்று நான்கு பெண்களோடு உங்கள் மனைவி பழகட்டும். அவர்களை மாதத்தில் எத்தனை பேர் கதவைத் தட்டி விசாரிக்கிறார்கள், காய்ச்சலில் படுத்தபோது சாப்பாடு அறைக்கு வந்ததா என்று அவர்களிடம் அவர் கேட்டால், என்னிடம் கேட்பதைவிட நல்ல பதில் கிடைக்கும். அக்கா அப்படித்தான் ஏழாம் எண் பெண்மணியை முதலில் சந்தித்தார்.

மாத இறுதிக்குள் முன்பணம் என்று தொலைபேசியில் அழைப்பவரிடம், முதல் பிளாக்கில் வாடகைக்கு எந்த வீடு காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். அதோடு சேவை ஒப்பந்தத்தின் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். வந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். படுக்கையில் விழுந்தவரை என்ன செய்வார்கள் என்று சொல்லும் பத்தியைத் தேடி, அதை உங்கள் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.